எந்த டூல்கிட் நல்லது என்று கேட்பதற்கு முன்

டிஸ்கி: நான் படித்தது பி.காம். சம்பளம் வாங்குவது வங்கியில். புரோகிராம் எழுதுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் கோபித்துக்கொள்ளாமல் படிக்கவும் :-)

டெஸ்க்டாப்பில் ஓடும் சின்ன அப்ளிகேஷன் ஒன்று எழுத எந்த ஜியூஐ டூல்கிட் நல்லது? இந்தக் கேள்வியை இந்த வருஷம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவன் அக்கா மகன். இன்னொருவர் இங்கே நாக்பூரில் எங்கள் கிளைக்குப் புதிதாக வந்திருக்கும், இன்ஜினியரிங் படித்த புரொபேஷனரி அதிகாரி. மூன்றாமவர் விருதுநகரில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் மச்சான். அவர் கேட்ட வார்த்தைகள் வேறு, கேள்வி இதேதான். "மாப்ளே, பில் போடுற புரோகிராமை எதுல எழுதச் சொல்லட்டும்?"

டூல்கிட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. வீடு கட்டுகிறவர் கதவையும் ஜன்னலையும் தானே இழைப்பதில்லை, கடையில் வாங்கி மாட்டுகிறார். அதுபோல பட்டன், எழுதும் கட்டம், பட்டியல், மெனு இவற்றையெல்லாம் திரையில் வரைந்து காட்டி, நீங்கள் எதைத் தட்டினீர்கள் என்று புரோகிராமுக்குச் சொல்லும் ரெடிமேட் சரக்குதான் டூல்கிட். டிகின்டர், க்யூடி, ஜிடிகே, டபிள்யூஎக்ஸ், வின்ஃபார்ம்ஸ், எலெக்ட்ரான் என்று கடையில் ஏகப்பட்ட பிராண்டுகள்.

பெரும்பாலானவர்கள் இரண்டு விதமாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்று, எனக்கு எந்த மொழி தெரியுமோ அதற்கு எது சுலபமாகக் கிடைக்கிறதோ அது. இரண்டு, ஸ்க்ரீன்ஷாட்டில் எது பளபளவென்று இருக்கிறதோ அது. இரண்டுமே எழுதுகிறவனின் வசதியைப் பார்க்கும் வழிகள். எழுதுவது ஆறு மாதம், பயன்படுத்துவது பதினைந்து வருஷம் என்பதை இரண்டும் கணக்கில் எடுப்பதில்லை.

என் கட்சி இது. நாலு கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். நாற்காலியில் உட்காரப் போவது யார்? திரையில் வரப்போவது என்ன எழுத்து? எந்த மெஷினில் ஓடவேண்டும்? பத்து வருஷம் கழித்து இதைத் திறந்து திருத்தப் போவது யார்? உங்களுக்குத் தெரிந்த மொழி எது என்பது ஐந்தாவதாக வரட்டும்.

உட்காரப் போவது யார்?

எங்கள் ஊழியர்களுக்கென்று ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கிறது. வங்கிக் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தனி அறை, தனியாக மூன்று மெஷின்கள். அங்கே விபி6-இல் எழுதிய புரோகிராம் ஒன்று வெகுகாலமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று பேச்சு வந்தபோது, மேலே சொன்ன புரொபேஷனரி அதிகாரி உற்சாகமாக முன்வந்தார். பைதான் தெரிந்தவர். ஒரே வாரத்தில் டிகின்டரில் ஒரு மாதிரி செய்து கொண்டுவந்தார். டிடிகே தீம் எல்லாம் போட்டுப் பார்க்க லட்சணமாகவே இருந்தது.

சங்கத்தில் கடன் பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவர் பார்வை இல்லாத ஊழியர். வங்கிகளில் இப்படிப்பட்டவர்கள் அபூர்வம் இல்லை. 1995-ஆம் வருஷச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 சதவீத இடம் ஒதுக்கியது. 2016-ஆம் வருஷச் சட்டம் அதை 4 சதவீதம் ஆக்கியது. இரண்டிலும் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும் 1 சதவீதம் உண்டு. இவர் பயன்படுத்துவது என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் எழுத ஆரம்பித்தது. இன்றுவரை இலவசம்.

புது புரோகிராமைத் திறந்தார். ஜன்னலின் தலைப்பை என்விடிஏ படித்தது. டேப் விசையைத் தட்டினார். உருப்படியாக ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார். மெதுவாக ஹிந்தியில் கேட்டார், "சார், இதில் உள்ளே ஏதாவது இருக்கிறதா?"

உள்ளே பன்னிரண்டு கட்டங்களும் நாலு பட்டன்களும் இருந்தன. அவரைப் பொறுத்தவரை வெள்ளைத் தாள்.

காரணம் இதுதான். பைதானோடு வரும் டிகே 8.6-இல் டிடிகே பட்டன்களை டிகே தானே வரைந்துகொள்கிறது. 'இங்கே ஒரு பட்டன் இருக்கிறது, அதன் பெயர் சேமி' என்ற தகவலை அது விண்டோஸுக்குச் சொல்வதில்லை. சொல்லாததை ஸ்க்ரீன் ரீடர் எப்படிப் படிக்கும்? டபிள்யூஎக்ஸ் வேறு வழியில் போகிறது. விண்டோஸில் விண்டோஸின் சொந்தப் பட்டனையே வாங்கி மாட்டுகிறது, லினக்ஸில் ஜிடிகேயின் பட்டனை. அதனால் ஸ்க்ரீன் ரீடருக்கு அது பழகிய முகம். இன்னொரு தகவல் சொல்கிறேன், நம்பிக்கை வரும். அந்த என்விடிஏவின் சொந்த மெனுவும் செட்டிங்ஸ் ஜன்னல்களும் டபிள்யூஎக்ஸ் பைதானில் எழுதப்பட்டவை.

அதற்காக டபிள்யூஎக்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்றும் சொல்ல மாட்டேன். அதிலேயே கிரிட் என்று எக்ஸெல் மாதிரி ஒரு கட்டம் இருக்கிறது. அது தானே வரைவது, ஸ்க்ரீன் ரீடரோடு ஒத்துப்போகாது. லிஸ்ட்கன்ட்ரோல் விண்டோஸின் சொந்தச் சரக்கு, நன்றாகப் படிக்கும். லாசரஸிலும் இதே கதைதான். எடிட் பாக்ஸ், பட்டன் எல்லாம் விண்டோஸுடையவை, ஸ்டிரிங்கிரிட் தானே வரைவது. ஆக டூல்கிட்டின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, அதில் எந்தெந்தச் சாமானை எடுக்கிறோம் என்றும் பார்க்கவேண்டும். வின்ஃபார்ம்ஸ் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. க்யூடி தானே வரைந்தாலும் விண்டோஸுக்கு முறையாகத் தகவல் கொடுக்கிறது. ஜாவா ஸ்விங்குக்கு ஆக்சஸ் பிரிட்ஜ் என்ற ஒன்றை இயக்கி வைக்கவேண்டும். எலெக்ட்ரான் உள்ளே இருப்பது குரோமியம் பிரவுசர், ஒழுங்காக எச்டிஎம்எல் எழுதினால் அருமையாகப் படிக்கும்.

"எங்கள் ஆபீஸில் அப்படி யாரும் இல்லையே" என்று சிலர் சொல்லக்கூடும். இன்று இல்லை. நாளைக்கு மாற்றலாகி ஒருவர் வருவார். அவர் வந்த பிறகு, 'புரோகிராம் உங்களுக்குப் பொருந்தாது, நீங்கள் போன் அட்டெண்ட் பண்ணுங்கள்' என்று ஓரமாக உட்கார வைப்பார்கள். வேலைக்குச் சேர்க்கச் சட்டம் உண்டு. சேர்ந்தவருக்கு வேலை கொடுப்பது இந்த மாதிரிச் சின்னச் சின்ன முடிவுகளில்தான் இருக்கிறது.

பார்வை உள்ளவர்களுக்கும் இதில் லாபம் இருக்கிறது. நாள் முழுக்க வவுச்சர் போடுகிறவர் மவுஸைத் தொடவே மாட்டார். டாலியை இத்தனை வருஷமாக நம் கணக்குப்பிள்ளைகள் ஏன் விடவில்லை? எஃப்5 தட்டினால் பேமென்ட், எஃப்6 தட்டினால் ரெசிப்ட், எஃப்7 ஜர்னல். கண் தாளில் இருக்கும், விரல் தானாகப் போகும். உங்கள் டூல்கிட்டில் டேப் வரிசை சொன்னபடி கேட்கிறதா, என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போக வைக்க முடிகிறதா, பட்டியலில் முதல் எழுத்தைத் தட்டினால் அந்தப் பெயருக்குத் தாவுகிறதா என்று ஒரு மணி நேரம் சோதித்துப் பாருங்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் இதெல்லாம் தெரியாது.

திரையில் வரப்போவது என்ன எழுத்து?

மச்சான் கடையில் சரக்கின் பெயர் தமிழில் வரவேண்டும். சங்கத்தில் உறுப்பினர் பெயர் மராத்தியில் வரவேண்டும். இங்கிலீஷில் மட்டும் சோதித்துவிட்டு டூல்கிட் எடுத்தால் இங்கேதான் இடிக்கும்.

நம் எழுத்துக்கள் வரிசையாக அடுக்கினால் போதாதவை. 'கொ' என்பதில் கொம்பு முன்னால் வரவேண்டும், கால் பின்னால் வரவேண்டும். யூனிகோடில் க-வுக்குப் பிறகுதான் அந்தக் குறி இருக்கிறது. அதைச் சரியான இடத்தில் வைத்து வரைய ஒரு இன்ஜின் வேண்டும். ஹார்ஃப்பஸ் என்பது அந்த வேலையைச் செய்யும் திறந்த மென்பொருள். க்யூடி, ஜிடிகே, குரோமியம், ஃப்ளட்டர் எல்லாம் அதைத்தான் பயன்படுத்துகின்றன. விண்டோஸின் சொந்தப் பட்டன்களை எடுக்கும் டூல்கிட்டுகளுக்கு விண்டோஸே அதைச் செய்து கொடுத்துவிடும். டிகே 8.6 விண்டோஸில் பெரிய தொந்தரவு தராது, லினக்ஸில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். புரோகிராமை விண்டோஸில் எழுதி, 'லினக்ஸிலும் ஓடும்' என்று சொல்லி விற்கிறவர்கள் கவனிக்கவும்.

விபி6-இன் பட்டன்களும் கட்டங்களும் யூனிகோட் காட்டாதவை. அதனால்தான் அந்தக் காலத்துப் புரோகிராம்களில் இந்திய மொழி என்றால் இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் நம் எழுத்தின் படத்தை வைத்த ஃபான்ட்டுகள். நம் ஊரில் பாமினி, இந்தப் பக்கம் ஸ்ரீலிபி. அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் உறுப்பினர் பெயரெல்லாம் ஏதோ ரகசியச் சங்கேதம் போலத் தெரியும். சங்கத்தின் பழைய டேட்டாவை யூனிகோடுக்கு மாற்றியதுதான் மொத்த வேலையிலேயே பெரிய வேலை. திரை வரைந்தது அதற்குப் பிறகு.

அடுத்து காற்புள்ளி. 12,34,567 என்று எழுதினால் நமக்குப் பன்னிரண்டு லட்சம் என்று கண்ணில் படும். 1,234,567 என்று எழுதினால் விரல் விட்டு எண்ணவேண்டும். காசாளர் இருக்கையில் இது விளையாட்டு இல்லை. டாட்நெட்டில் இந்தியா என்று கல்ச்சரைச் சொல்லிவிட்டால் லட்சம் கோடிக் கணக்கில் தானாகப் பிரித்துக் கொடுக்கும். பைதானின் சாதாரண காற்புள்ளி வடிவம் ஆயிரம் மில்லியன் கணக்கில்தான் பிரிக்கும். ஜாவாவின் டெசிமல்ஃபார்மட் இரண்டு விதமான இடைவெளியைக் கலந்து போடாது, ஐசியூ நூலகத்தைத் துணைக்கு அழைக்கவேண்டும். பத்து வரியில் நாமே எழுதிவிடலாம்தான். ஆனால் முதல் நாளே தெரிந்து எழுதவேண்டும்.

எந்த மெஷினில் ஓடவேண்டும்?

நம் ஊர்ச் சின்ன ஆபீஸ்களில் ஒரு மெஷின் சாகும்வரை ஓடும். சங்கத்து மூன்று மெஷின்களில் இரண்டில் 4 ஜிபி ரேம். அதிலேயே எக்ஸெல், பிரவுசர், பிரிண்டர் சாஃப்ட்வேர் எல்லாம் குடித்தனம்.

எலெக்ட்ரான் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்குள்ளும் ஒரு முழு குரோமியம் பிரவுசரை வைத்துக் கட்டிக் கொடுக்கிறது. 'ஹலோ' என்று சொல்லும் புரோகிராமே 100 எம்பியைத் தாண்டும். லாசரஸில் அதே புரோகிராம் ஒற்றை எக்ஸி ஃபைலாக, அதில் மிகச் சின்னப் பங்கில் முடியும். நடுவில் டாரி என்று ஒன்று வந்திருக்கிறது. 2022-இல் முதல் பதிப்பு. மெஷினில் ஏற்கெனவே இருக்கும் வெப்வியூவையே பயன்படுத்திக்கொள்வதால் பெட்டி சிறியது.

பழைய விண்டோஸ் இன்னும் எத்தனையோ கடைகளில் இருக்கிறது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டது. எலெக்ட்ரான் 2023-இல் வந்த 23-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைவிட்டது. க்யூடி 6-க்கும் விண்டோஸ் 10 வேண்டும், 7-இல் ஓட க்யூடி 5-தான். பாதுகாப்பு அப்டேட் வராத மெஷினில் பணக்கணக்கை வைக்காதீர்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. ஆனால் மெஷின் வாங்கும் அதிகாரம் புரோகிராம் எழுதுகிறவன் கையில் இருப்பதில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஆரம்பிப்பது நல்லது.

பத்து வருஷம் கழித்து?

இங்கேதான் வங்கிக்காரன் மூளை வேலை செய்யும். கடன் கேட்டு ஒருவர் வந்தால், வழவழவென்று பைண்டு போட்ட புராஜெக்ட் ரிப்போர்ட்டை நாங்கள் அவ்வளவு மதிப்பதில்லை. பழைய கணக்கு எப்படி நடந்திருக்கிறது, ஜாமீன் யார், தொழிலை நடத்துகிறவர் யார் என்று பார்ப்போம். டூல்கிட்டுகளையும் அப்படிப் பார்க்கலாம்.

மைக்ரோசாஃப்டை எடுத்துக்கொள்வோம். 1991-இல் விஷுவல் பேசிக், 1998-இல் அதன் ஆறாம் பதிப்பு. அதில் புரோகிராம் எழுதும் கருவிக்கு ஆதரவு 2008 ஏப்ரலில் நின்றது. நடுவில் 2002-இல் வின்ஃபார்ம்ஸ். 2006-இல் 'இனி இதுதான்' என்று டபிள்யூபிஎஃப். 2007-இல் சில்வர்லைட், அதை 2021-இல் மூடியாயிற்று. 2012-இல் விண்டோஸ் 8-உடன் புது பாணி, 2015-இல் யூடபிள்யூபி, 2021-இல் வின்யூஐ 3, 2022-இல் மாயி. ஒவ்வொரு முறையும் மேடை போட்டு விழா எடுத்தார்கள். இத்தனைக்கும் பிறகு, கூட்டுக் குடும்பத்து மூத்த அண்ணன் மாதிரி வின்ஃபார்ம்ஸ்தான் இன்றும் காலையில் கடையைத் திறக்கிறது. 2018 டிசம்பரில் அதன் மூல நிரலைத் திறந்துவிட்டார்கள், 2019-இல் டாட்நெட் கோர் 3.0-இல் சேர்த்தார்கள், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு புது டாட்நெட்டோடும் வருகிறது. விபி6 புரோகிராம்கள்கூட விண்டோஸ் 11-இல் ஓடுகின்றன. ஓடுவது பிரச்சினை இல்லை. திருத்த ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை.

ஜிடிகேயின் கணக்கைப் பாருங்கள். ஜிம்ப் என்ற பட மென்பொருளுக்காகவே பிறந்த டூல்கிட் அது. முன்னால் இருக்கும் ஜி-யே ஜிம்ப்பைக் குறிப்பதுதான். ஜிடிகே 3 வந்தது 2011-இல். ஜிம்ப் அதற்கு மாறியது 2025 மார்ச்சில் வந்த 3.0-இல். அதற்குள் ஜிடிகே 4 வந்தே நாலு வருஷம் ஆகியிருந்தது. எந்தப் பிள்ளைக்காக வீடு கட்டினார்களோ அந்தப் பிள்ளை மாடி ஏறப் பதினாலு வருஷம். பெரிய பதிப்பு மாறும்போது நம் பக்கம் எவ்வளவு வேலை வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. லினக்ஸில் க்னோம் டெஸ்க்டாப்புக்கு எழுதுகிறவர்களுக்கு ஜிடிகே சரியான தேர்வு. விண்டோஸ் ஆபீஸ் ஒன்றுக்கு நான் எடுக்க மாட்டேன்.

க்யூடி அடிக்கடி கைமாறிய கணக்கு. நார்வேயில் ட்ரோல்டெக் ஆரம்பித்தது, 1995-இல் வெளிவந்தது. 2008-இல் நோக்கியா வாங்கியது. 2012-இல் டிஜியாவுக்குப் போனது. இப்போது க்யூடி கம்பெனி என்று தனி நிறுவனம். இத்தனை முறை முதலாளி மாறினால் எங்கள் கடன் பிரிவில் புருவம் உயரும். ஆனால் இதற்கு ஒரு பலமான ஜாமீன் இருக்கிறது. கேடிஈக்காரர்கள் 1998-லேயே ஓர் அறக்கட்டளை அமைத்து ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்கள். கம்பெனி இலவசப் பதிப்பை வெளியிடுவதை நிறுத்திவிட்டால், எந்தக் கட்டுப்பாடும் இல்லாத பிஎஸ்டி வகை லைசென்ஸில் அதை வெளியிட அந்த அறக்கட்டளைக்கு உரிமை உண்டு. 2020 ஜனவரியில் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளைக் காசு கொடுப்பவர்களுக்கு மட்டும் என்று கம்பெனி அறிவித்தபோது பலருக்கு வயிறு கலங்கியது. எனக்கு அவ்வளவு கலங்கவில்லை. ஜாமீன் பத்திரம் உயிரோடு இருக்கிறது.

டபிள்யூஎக்ஸ் 1992-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் ஆரம்பித்தது. பின்னால் பெரிய கம்பெனி இல்லை, விழா இல்லை, விளம்பரம் இல்லை. தன்னார்வலர்கள் முப்பது வருஷத்துக்கும் மேலாக மெதுவாக இழுத்துக்கொண்டு வருகிறார்கள். மாதாமாதம் சின்னத் தொகை கட்டிக்கொண்டு ஒரு தவணையும் தவறாத கணக்கு மாதிரி. லாசரஸும் அதே ஜாதி. 1999-இல் ஆரம்பித்தவர்கள் 1.0 என்று பெயர் வைக்க 2012 வரை பொறுத்தார்கள்.

எலெக்ட்ரான் 2013-இல் ஆட்டம் எடிட்டருக்காகப் பிறந்தது. 2022 டிசம்பரில் ஆட்டத்தை மூடிவிட்டார்கள், எலெக்ட்ரான் நன்றாகவே இருக்கிறது. அதன் சிக்கல் வேறு. எட்டு வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பு, கடைசி மூன்று பதிப்புகளுக்குத்தான் ஆதரவு. உள்ளே பிரவுசர் இருப்பதால் பாதுகாப்புக்காக அப்டேட் செய்துகொண்டே இருக்கவேண்டும். முழுநேர ஆட்கள் உள்ள கம்பெனிக்கு இது தினசரி வேலை. ஞாயிற்றுக்கிழமை புரோகிராமருக்கு இது தீராத வட்டி.

லைசென்ஸ்

கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். லைசென்ஸும் அப்படித்தான். பைதானில் க்யூடி பயன்படுத்த இரண்டு வழிகள். பைக்யூடி, பைசைட். எழுதும் முறை கிட்டத்தட்ட ஒன்று, பத்திரம் வேறு. பைக்யூடி ஜிபிஎல் அல்லது காசு கொடுத்து வாங்கும் லைசென்ஸ். பைசைட் எல்ஜிபிஎல். சங்கத்துக்குள் மட்டும் ஓடும் புரோகிராமுக்கு எதுவானாலும் பாதகமில்லை. மச்சானுக்கு எழுதுகிறவர் அதையே பத்துக் கடைக்கு விற்க நினைத்தால், ஜிபிஎல் வழியில் மூல நிரலையும் கேட்பவர்களுக்குச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அது இஷ்டமில்லை என்றால் பைசைட். டபிள்யூஎக்ஸ், லாசரஸ் இரண்டின் பத்திரத்திலும் விதிவிலக்கு எழுதியிருக்கிறார்கள், மூடிய புரோகிராமாக விற்றாலும் தடை இல்லை.

எல்லாம் பிரவுசரில் வந்துவிட்டதே?

நியாயமான கேள்வி. வங்கியிலேயே நாள் முழுக்க பிரவுசருக்குள்தான் இருக்கிறோம். நாலு ஊரில் கிளை இருந்தால், செர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால், வெப்தான் சரி, நானும் அதைத்தான் சொல்வேன். ஒரே அறை, மூன்று மெஷின், ஒரு டாட்மேட்ரிக்ஸ் பிரிண்டர், நெட் போனாலும் சம்பளப் பிடித்தப் பட்டியல் 20-ஆம் தேதிக்குள் போயாகவேண்டும் என்றால் டெஸ்க்டாப்தான் நிம்மதி. உறுப்பினர்களின் கடன் விவரம் யாரோ ஒருவர் வாடகைக்கு விடும் கம்ப்யூட்டரில் இல்லை என்பதும் ஒரு நிம்மதி.

அப்படியானால் எது?

என் பட்டியல் இது. விண்டோஸ் மட்டும், படிவமும் பட்டியலும்தான் வேலை, சி ஷார்ப் தெரிந்த ஆள் ஊரில் கிடைப்பார் என்றால் வின்ஃபார்ம்ஸ். பழசு என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். பைதான் ஆள் என்றால் டபிள்யூஎக்ஸ். திரை பெரிது, வரைபடம் வேண்டும், பெரிய டேபிள் வேண்டும் என்றால் பைசைட். ரொம்பப் பழைய மெஷின், இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவில் கொண்டுபோய் ஓட்டவேண்டும் என்றால் லாசரஸ். வெப் தெரிந்த நாலு பேர் முழுநேரம் இருக்கிறார்கள், மெஷின் புதிது என்றால் எலெக்ட்ரானைத் தாராளமாக எடுக்கலாம். டிகின்டர் உங்கள் சொந்த உபயோகத்துக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும்.

சங்கத்துக்கு நாங்கள் எடுத்தது டபிள்யூஎக்ஸ் பைதான். புரொபேஷனரி அதிகாரிக்கு முதலில் முகம் சுருங்கியது, பட்டன்கள் சாதாரணமாக இருக்கின்றன என்று. கடன் பதிவேட்டுக்காரர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல் ஒரு விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசிவரை பதிந்து, வட்டியைச் சரிபார்த்து, பிரிண்ட் கொடுத்தார். அதற்குப் பிறகு பட்டனின் அழகைப் பற்றி யாரும் பேசவில்லை.

கடைசியாக ஒன்று. எந்த டூல்கிட்டை எடுத்தாலும் கணக்கை பட்டனுக்குள் எழுதாதீர்கள். சங்கத்தின் பழைய விபி6 புரோகிராமில் குறையும் நிலுவைக்கு வட்டி போடும் கணக்கு, 'கால்குலேட்' என்ற பட்டனைத் தட்டினால் ஓடும் வரிகளுக்கு நடுவில், திரையின் நிறத்தை மாற்றும் வரிகளோடு கலந்து கிடந்தது. எழுதியவர் எப்போதோ ரிட்டயராகிப் போய்விட்டார். பட்டனைத் தூக்கினால் வட்டியும் சேர்ந்து போகும் நிலைமை. புதியதில் வட்டி, தவணை, பிடித்தப் பட்டியல் எல்லாம் தனி ஃபைல்கள். அவற்றுக்குத் திரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. நாளைக்கு டபிள்யூஎக்ஸே நின்றுபோனாலும் கதவு ஜன்னலை மட்டும் மாற்றினால் போதும், சுவர் நிற்கும்.

எந்த டூல்கிட்டும் நிரந்தரம் இல்லை. 1998-இல் விபி6 எடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை, அன்றைக்கு அதுதான் நல்ல சரக்கு. நாம் இன்று எடுப்பதும் ஒருநாள் பழசாகும். அந்த நாளில் அதைத் திறந்து பார்க்கப் போகும் யாரோ ஒரு பையனோ பெண்ணோ நம்மைத் திட்டாமல் இருக்கவேண்டும். அதுவரை அந்த நாற்காலியில் உட்காருகிறவர், யாராக இருந்தாலும், தன் வேலையைத் தானே செய்ய முடியவேண்டும். இந்த இரண்டுக்கும் வழி செய்யும் டூல்கிட் எதுவோ, அதுதான் உங்களுக்கு நல்ல டூல்கிட்.